முப்பத்தெட்டுப் பேரும் சரோஜாவும்

5-7-1973, வியாழன்

காலை ஏழு மணிக்கே அனல். கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது. கயிறு இன்னும் ரெண்டு முழம் கூட்டிக் கட்டினோம். குளிக்க ஆளுக்கு மூணு செம்பு. பிள்ளைகள் முணுமுணுப்பு.

செய்ய வேண்டியது:
அமெரிக்கா கோதுமை ரெண்டு மூட்டையில் வண்டு. வெயிலில் கொட்டிக் காய வைக்க.
போதகரிடம் கொசுவலை பற்றிக் கேட்க. (மூணாவது தடவை.)
ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாவாடை அளவு.

ஒன்றும் நடக்கவில்லை. பதினொரு மணிக்கு ஸ்கூலிலிருந்து ஆள். ஹெட்மிஸ்ட்ரஸ் உடனே வரச் சொன்னார்கள் என்று. ஹாஸ்டல் வார்டனைக் கூப்பிட்டு அனுப்பினால் யாரோ விழுந்து காலை உடைத்துக்கொண்டாள் என்றுதான் அர்த்தம். ஓடினேன்.

தொழுநோய் சர்வேக்காரர் வந்திருந்தார். ஆறாம் வகுப்பைப் பார்த்து முடித்திருந்தார். நம் சரோஜாவை மட்டும் தனியாக ஸ்டூலில் உட்கார வைத்திருந்தார்கள். பதினொரு வயசு, மாமல்லபுரத்துப் பக்கம் காலனிப் பிள்ளை, இந்த வருஷம்தான் சேர்ந்தாள். வலது முழங்கைக்கு மேலே, ரவிக்கைக் கை மூடுகிற இடத்தில், எட்டணா அளவு வெளுப்பு. தேமல் என்றுதான் நானும் சொல்லியிருப்பேன்.

"கண்ண மூடிக்கம்மா. நான் தொடற எடத்த வெரலால காட்டு."

பஞ்சைத் திரித்து அந்த நுனியால் தொட்டார். கன்னம். காட்டினாள். உள்ளங்கை. காட்டினாள். கால் கட்டைவிரல். கூச்சத்தில் சிரித்துக்கொண்டே காட்டினாள். வெளுப்பின் மேல் தொட்டார். மறுபடி தொட்டார். மூணாவது தடவை. சரோஜா கண்ணை மூடியபடி விரலை நீட்டிக்கொண்டு, அடுத்தது எங்கே என்று சிரித்தபடி காத்துக்கொண்டிருந்தாள்.

என்னால் பார்க்க முடியவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நாளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும்.

சமையல் பாக்கியத்திடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியவில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்குச் சரோஜாவின் தட்டைத் தனியாக எடுத்து வை என்றும் சொன்னேன். நானேதான் சொன்னேன்.

6-7, வெள்ளி

ஆஸ்பத்திரி. ஏழு மணிக்குப் போய் ஒன்பதரை மணிக்குக் கூப்பிட்டார்கள். சரோஜா மடியில் பூகோளப் புத்தகம். மனப்பாடம் செய்கிறாளாம்.

டாக்டரம்மா சின்ன வயசு, கண்ணாடி, கட்டைக் குரல். கை, கால், முகம், முதுகு எல்லாம் பார்த்தார். முழங்கை நரம்பை உருட்டிப் பார்த்தார். காது மடலில் கீறி எடுத்துக் கண்ணாடித் துண்டில் தேய்த்தார். சரோஜா அழவில்லை. என் கையைத்தான் நசுக்கிவிட்டாள்.

"ஆரம்பம்தான். ஒரே ஒரு படை. பரிசோதனையில கிருமி இல்லேன்னு வந்துட்டா இவகிட்டேயிருந்து யாருக்கும் தொத்தாது. மாத்திரையை விடாம சாப்பிடணும். ரெண்டு மூணு வருஷம் ஆகும். சாப்பிட்டா சரியாப் போயிடும்."

"கிருமி இருந்தா?"

"வியாழக்கிழமை வாங்க. அப்புறம் பேசலாம்."

வியாழன் வரைக்கும் ஆறு நாள்.

திரும்பும்போது வெயில் தலையைப் பிளந்தது. சரோஜாவுக்கு நன்னாரி சர்பத் வாங்கிக் கொடுத்தேன். "ஒனக்கு டீச்சர்?" என்றாள். எனக்கு வேண்டாம் என்றேன். தாகம் நாக்கை இழுத்தது. அந்தக் கடையில் ஒரே ஒரு கண்ணாடி கிளாஸ்தான் இருந்தது. அதுதான் காரணம். இங்கே எழுதினால் யாரும் படிக்கப் போவதில்லை, எழுதிவிடுகிறேன்.

7-7, சனி

சனிக்கிழமை தலைக்குளியல். தண்ணீர் இல்லை, அதனால் இல்லை.

சரோஜா பின்னாலேயே வந்தாள். அரிசி களையும் இடத்துக்கு, பூந்தொட்டி பக்கம், ஸ்டோர் ரூமுக்கு. கடைசியில் கேட்டாள்:

"டீச்சர், நா கண்ணு மூடிகினு இருந்தேனே, அப்போ அவுரு தொட்டாரா?"

"தொட்டார்."

"எங்க?"

காட்டினேன். அந்த இடத்தைத் தானே கிள்ளிப் பார்த்துக்கொண்டாள். பிறகு விளையாடப் போய்விட்டாள். நான் போகவில்லை. மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன்.

ஜூன் மாதத்திலிருந்து தினம் இவளுக்குத் தலை பின்னிவிட்டிருக்கிறேன். பேன் எடுத்திருக்கிறேன். ஒரே துண்டு. சாயங்காலம் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு தலையணைப் பஞ்சைத் திரித்து என் கை, கால் எல்லாம் தொட்டுப் பார்த்தேன், கண்ணை மூடிக்கொண்டு. பாதி உடம்பு பார்த்த பிறகுதான் உறைத்தது. தொடுவதும் நான், காட்டுவதும் நான். எங்கே தொடுகிறேன் என்று எனக்குத் தெரியாதா? முட்டாள்.

முப்பத்தாறு வயசு. டீச்சர் டிரெயினிங். ஒவ்வொரு வருஷமும் பிள்ளைகளுக்குப் "பயப்படக் கூடாது, வெறுக்கக் கூடாது" என்று பாடம் எடுப்பவள்.

நான் இங்கே பிள்ளையாக இருந்தபோது எஸ்தர் என்று ஒருத்தி. ஒருநாள் காலையில் அவள் டிரங்குப் பெட்டியோடு கேட்டில் நின்றாள். அவளுடைய அப்பா வந்து அழைத்துப் போனார். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. நானும் கேட்கவில்லை. அன்று மத்தியானம் அவள் பங்குப் பால் எனக்குக் கிடைத்தது. குடித்தேன்.

8-7, ஞாயிறு

ஆராதனை முடிந்து போதகரிடம் சொன்னேன். நல்ல மனுஷர், ஆனால் உடனே பதில் சொல்ல மாட்டார். தாடையைச் சொறிந்துகொண்டே இருந்தார். "ரிசல்ட் வரட்டும் டீச்சர். அதுக்குள்ள அவ அம்மாவுக்குத் தெரியணுமே. நீங்களே போய்ச் சொல்றது நல்லது."

கொசுவலை பற்றிக் கேட்க மறந்தேன்.

செய்தி வெளியே போய்விட்டது. பாக்கியம் சாமி சத்தியமாக ஒருத்தரிடம்தான் சொன்னதாம். மளிகைக்கடை பாய் கேட்டார்: "இன்னா டீச்சரம்மா, ஹாஸ்டல்ல பெரிய வியாதியாமே? ஏதாச்சும் ஒத்தாச வேணும்னா சொல்லுங்க." நல்ல எண்ணத்தில்தான் கேட்டார். ஆனால் கடையில் நின்ற ரெண்டு பேர் கொஞ்சம் தள்ளி நின்றார்கள்.

கமிட்டி செக்ரட்டரி ஞானமுத்து சாருக்கும் தெரிந்துவிட்டது. ரயில்வேயில் கார்டாக இருந்து ரிட்டயர் ஆனவர், எல்லாம் நேரப்படி நடக்க வேண்டும் அவருக்கு. கோயில் வாசலில் என்னை நிறுத்தி, "வியாழக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணி, கமிட்டி," என்றார். கொடி காட்டிவிட்டு வண்டியில் ஏறின கார்டு மாதிரி போய்விட்டார்.

10-7, செவ்வாய்

மாமல்லபுரம் பஸ். திருக்கழுக்குன்றத்தில் அரைமணி நின்றது. பக்கத்து சீட்டில் வெள்ளைக்காரப் பையன், செருப்பில்லை, என்னைவிட நீள முடி. என்னைப் பார்த்துக் கும்பிட்டான். நானும் கும்பிட்டு வைத்தேன்.

பஸ் ஸ்டாண்டில் இறங்கினதும் உளிச் சத்தம், கருவாட்டு வாடை. அங்கேயிருந்து வடக்கே ரெண்டு மைல் மணலில் நடை. சரோஜாவின் அம்மா கன்னியம்மா சவுக்குத்தோப்பில் உதிர்ந்த மிலாறுச் சுள்ளி பொறுக்கிக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தது. புருஷன் இல்லை, கல் உடைக்கிற இடத்தில் செத்துப்போனார். தோப்பில் வேலை இருக்கும் நாளில் அடுப்பு எரியும். கறுத்து ஒல்லியாக, என் வயசுதான் இருக்கும், பார்த்தால் என் அம்மா வயசு.

என்னைப் பார்த்ததும் கட்டைக் கீழே போட்டது.

"இன்னா டீச்சர், பொண்ணு ஓடிட்சா?"

"இல்ல கன்னியம்மா. நல்லா இருக்கா."

"நல்லா கீதுன்னா நீ இன்னாத்துக்கு இம்மாந் தூரம் வந்த?"

சொன்னேன். எப்படிச் சொல்வது என்று பஸ்ஸில் ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துவிட்டது. முழங்கை, வெளுப்பு, பஞ்சு, மாத்திரை என்று முன்பின்னாகச் சொன்னேன். கன்னியம்மா கீழே குந்தி ஒரு குச்சியை ஒடித்தது. அதைப் பாதியாக ஒடித்தது. அதையும் பாதியாக.

"எனுக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"போன மழைக்கே தெரியும். அடுப்பாண்ட ஒக்காந்துகினு இருந்துச்சு, கொள்ளி பட்டுச்சு, ஒண்ணுமே சொல்லல. தோலு வெந்து கெடக்குது, அது பாட்டுக்கு கத பேசிகினு கீது. அப்பவே தெரிஞ்சிகினேன். அதான் ரவிக்க கைய நீளமா தெச்சுக் குடுத்தேன். நீ பாக்கலியா?"

எனக்குக் கோபம் வந்தது. ஹாஸ்டல் பாரத்தில் ஒரு கேள்வி இருக்கிறது, தொத்து வியாதி ஏதாவது உண்டா என்று. நான்தான் படித்துக் காட்டினேன். இல்ல என்று சொல்லிக் கைநாட்டு வைத்தது.

"ஏன் மறைச்ச?"

"சொல்லியிருந்தா சேத்துக்கினு இருப்பியா?"

கடல் இரைந்துகொண்டிருந்தது, தோப்புக்கு அந்தப் பக்கம்.

"டீச்சர், வூட்டுக்கு மட்டும் அனுப்பிடாத. இங்க வந்தா நாலு நாளு பாப்பாங்க, அப்பால தண்ணி மொள்ள வுட மாட்டாங்க. அங்க எந்த மூலைல வேணா போடு. நாய்க்கு வெக்கிற மாதிரி வெச்சாலும் துன்னும். படிக்கட்டும்."

நாய்க்கு வைக்கிற மாதிரி. சரோஜாவின் தனித் தட்டு ஞாபகம் வந்தது. அடுப்படி ஜன்னலில் கவிழ்த்து வைத்திருக்கிறது.

கையில் ஒரு பொட்டலம் திணித்தது. சுட்ட கருவாடு. பிள்ளைக்காம். பஸ்ஸில் எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

சொல்லப் போனவள் அதிகாரமாகக் கேள்வி கேட்டேன். மன்னிப்புக் கேட்காமல் வந்துவிட்டேன்.

12-7, வியாழன்

கிருமி இல்லை. கிருமி இல்லை. டாக்டரம்மா சீட்டில் எழுதியே கொடுத்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து ஒரு மூச்சு அழுதேன். ஒரு கிழவர் தன் கட்டுப்போட்ட கையால் தண்ணீர்ச் செம்பை நீட்டினார். வாங்கிக் குடித்தேன். முழுசாகக் குடித்தேன்.

மத்தியானம் சரோஜாவின் தட்டை எடுத்து மற்றத் தட்டுகளோடு அடுக்கச் சொன்னேன். பாக்கியம் அடுக்கியது. பிறகு, "எனுக்கும் அப்பப்ப நெஞ்சு அடிச்சிகிச்சு டீச்சர், கொயந்த மொகத்தப் பாத்தா," என்றது. எது அவள் தட்டு என்று இப்போது எனக்கே தெரியாது.

அஞ்சு மணி, கமிட்டி. போதகர், ஞானமுத்து சார், இன்னும் மூணு பேர், நான். சீட்டைப் படித்தேன்.

ஞா. சார்: "கிருமி இல்லேன்னு நமக்குத் தெரியும். ஊருக்குத் தெரியுமா? நாளைக்கு ரெண்டு அம்மா வந்து பிள்ளைய இழுத்துட்டுப் போனா, அடுத்த நாள் இருபது பேர் போவாங்க. மத்த முப்பத்தெட்டுப் பிள்ளைங்களும் எங்கே போகும்? செங்கல் சூளைக்குத்தான். ஒருத்திக்காக முப்பத்தெட்டு பேர் சோத்துல மண்ணு போடணுமா?"

இந்த ஹாஸ்டல் அவர் குழந்தை. போன பஞ்சத்தில் கோதுமைக்காக மெட்ராஸுக்கு எத்தனை நடை நடந்தார் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அவர் சொன்னது எனக்கு வலித்தது. அவர் சொன்னதில் பாதி நியாயம்.

"பிள்ளை வீட்டிலேயே இருக்கட்டும். மாதாமாதம் மாத்திரை, கோதுமை, பால்பவுடர் நாம் அனுப்புவோம். கைவிட்டுட்டோம்னு யாரும் சொல்ல முடியாது," என்றார் அவரே.

மூணு பேரும் தலையாட்டினார்கள். நல்ல ஏற்பாடாகத்தான் கேட்டது. பிறகு ஞா. சார் கேட்டார்: "இது அவ அம்மாவுக்கு முன்னாடியே தெரியுமா?"

பொய் சொல்லலாம். ரெண்டு நாளாக அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

"தெரியும் சார். மறைச்சிட்டாங்க."

"பாத்தீங்களா! ஏமாத்தித்தான் சேர்ந்திருக்காங்க."

"சொல்லியிருந்தா சேர்த்திருப்போமா சார்?"

போதகர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மீதியையும் சொல்லிவிட்டேன். "நானும் பயந்தேன் சார். தட்டைத் தனியா வெச்சேன். நானும் இதே ஹாஸ்டல்ல சோறு தின்னு வளந்தவ. அப்பா பண்ணையாள். அன்னிக்கு என் கையில ஒரு வெளுப்பு இருந்திருந்தா இன்னிக்கு இங்க உக்காந்து பேசியிருக்க மாட்டேன்."

கடைசியில் போதகர் வாயைத் திறந்தார். சனிக்கிழமை டாக்டரம்மாவை வரவழைத்து எல்லாப் பிள்ளைகளையும் பார்க்கச் சொல்வோம். ஞாயிறு பெற்றோர் வருகிற நாள், அவர்களிடம் நாமே வெளிப்படையாகச் சொல்வோம். மறைக்கிறதில்தான் பயம் வளர்கிறது. அப்புறம் முடிவு.

வீட்டுக்கு அனுப்புவது என்று முடிவாகவில்லை. அதுவே போதும் இன்றைக்கு.

14-7, சனி

தூங்கவில்லை. ஒருத்திக்கே இப்படி. எல்லாரையும் பார்த்து இன்னும் நாலு பேர் என்று சொன்னால் ஹாஸ்டலை இழுத்து மூட வேண்டியதுதான்.

டாக்டரம்மா ஒன்பது மணிக்கு வந்தார். படிப்பறையில் ஒரு பெஞ்சு, ஒரு திரை. பிள்ளைகள் வரிசை. ஒவ்வொருத்தியும் உள்ளே போகும்போது திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்ததும் ஒரு மூச்சு. முப்பத்தெட்டுத் தடவை.

முடிவு:
தேமல், அஞ்சு பேர்.
பேன், எல்லாரும்.
சொறி சிரங்கு, பதினாலு பேர்.
அந்த வியாதி, ஒருத்திக்கும் இல்லை.

"ரூபி டீச்சர், உங்க ஹாஸ்டல்ல தொத்தறது சொறிதான். பயந்தா அதுக்குப் பயப்படுங்க. பாயெல்லாம் எடுத்து வெயில்ல போடுங்க," என்று திட்டினார். திட்டு வாங்கி இவ்வளவு சந்தோஷப்பட்டது இல்லை. கந்தகக் களிம்பு ரெண்டு டப்பா கொடுத்தார்.

பிள்ளைகள் போனதும் மெதுவாக, "எனக்கும் ஒரு தடவை பாருங்க டாக்டர்," என்றேன். பார்த்தார். ஒன்றுமில்லை. "நானும் இந்த வேலைக்கு வந்த புதுசுல தினம் ராத்திரி கண்ணாடி முன்னாடி நின்னேன். எல்லாரும் நிப்பாங்க," என்றார்.

கிளம்பும் நேரம் ஞா. சார் வந்தார். வராந்தாவில் அங்கேயும் இங்கேயும் நடந்தார். மூணு தடவை கைக்கடிகாரம் பார்த்தார். பிறகு, "அம்மா, ஒரு அஞ்சு நிமிஷம்," என்று டாக்டரம்மாவைப் படிப்பறைக்குள் கூட்டிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

வெளியே வந்தபோது சட்டைப் பொத்தான் ஒன்று தள்ளிப் போட்டிருந்தது. நேராக என்னிடம் வந்தார்.

"முதுகுல ஒரு வெள்ளை. எட்டு வருஷமா. வீட்டுல கூட காட்டினதில்ல."

"டாக்டரம்மா என்ன சொன்னாங்க சார்?"

"சாதாரணப் படைதானாம். களிம்பு." அந்தப் பெரிய மனுஷர் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். "எட்டு வருஷம் டீச்சர்."

காபி போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனார். பொத்தானைப் பற்றி நான் சொல்லவில்லை.

15-7, ஞாயிறு

பெற்றோர் நாள். கூட்டம் அதிகம், செய்தி போயிருக்கிறது. வேப்பமரத்தடியில் பாய் விரித்தோம். கேட்டுக்கு வெளியே, சுவர் ஓரமாக, கன்னியம்மா. உள்ளே வா என்றேன். வரவில்லை.

டாக்டரம்மாவின் சீட்டைப் போதகர் படித்தார். நேற்றுப் பார்த்ததையும் சொன்னார். பேர் சொல்லாமல் சொன்னார், ஆனால் எல்லார் கண்ணும் சரோஜா மேல். அவள் என் புடவை முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

சத்தம். ஒருத்தர் பேசுவது ஒருத்தருக்குக் கேட்கவில்லை.

"டாக்டரு பொண்ணு இங்க படுக்குமா?"

"இப்ப இல்லன்னுவாங்க, அப்பால கையி மடங்கும்."

"கோதும குடுத்து வியாதியும் குடுக்கறாங்க!"

இதுதான் என்னைக் குத்தியது. ஒரு அம்மா மகளை எழுப்பிப் பெட்டியை எடுக்கப் போனது. இன்னொரு அப்பாவும். தடுக்கவில்லை. தடுக்க எனக்கு உரிமை இல்லை.

அப்போது செங்கேணி எழுந்தது. சூளையில் செங்கல் அறுக்கிற பொம்பளை, செம்மண் போகாத விரல்கள். அதன் மகள்தான் ராத்திரி சரோஜாவுக்குப் பக்கத்துப் பாய்.

"இன்னா கூவறீங்க எல்லாரும்? எம்பொண்ணுதான் அதாண்ட படுக்குது. ஒங்க பொண்ணு இல்ல. நேத்து டாக்டரு பாத்துட்டு ஒண்ணும் இல்லன்னு சொல்ட்டாங்க. இங்க வந்தப்பறந்தான் அது மூணு வேள துன்னுது. போன வருசம் சூளையில கஞ்சித் தண்ணிக்கு அழுதுகினு கெடந்துது, அப்ப யாரு வந்து பாத்தீங்க? இந்தக் கொயந்தைக்கு மாத்திர கீது. பசிக்கு இன்னா மாத்திர கீது? இருந்தா குடுங்க, நா இட்டுகினு போயிடறேன்."

பேசிவிட்டு உட்கார்ந்தது. மூச்சு வாங்கியது. ஒரு குழந்தை மட்டும் எங்கேயோ முறுக்குக்காக அழுதுகொண்டிருந்தது.

பிறகு நான் எதிர்பார்க்காதது. செங்கேணி மறுபடி எழுந்து கேட்டுக்குப் போய்க் கன்னியம்மாவின் கையைப் பிடித்தது. "வெயில்ல இன்னாத்துக்கு நிக்கற? வா உள்ள. நா மட்டும் ஒண்டியா கத்தணுமா?" இழுத்துக்கொண்டு வந்து தன் பக்கத்தில் உட்கார வைத்தது.

ரெண்டு பிள்ளைகள் போனார்கள். ரெண்டே பேர். இருபது என்று பயந்தோம்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லாப் பெற்றோரும் இருந்தார்கள். சாம்பாரில் உப்புத் தூக்கல், பாக்கியம் ரெண்டு தடவை போட்டுவிட்டது. யாரும் குறை சொல்லவில்லை.

கன்னியம்மா போகும்போது என் காலில் விழ வந்தது. ரெண்டு தோளையும் பிடித்துக்கொண்டேன். "நான்தான் ஒங்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்," என்றேன். அது எதற்கு என்று புரியாமல் பார்த்தது. விளக்கவில்லை. கேட்டாயிற்று, அது போதும்.

16-7, திங்கள்

ஒன்பது மணி வரை தூங்கினேன். வார்டனாக வந்து பதினோரு வருஷத்தில் முதல் தடவை. பிள்ளைகள் தாங்களே ஜெபம் பண்ணி, கஞ்சி குடித்து, ஸ்கூலுக்குப் போயிருக்கிறார்கள். "எழுப்பாதீங்கன்னு சரோஜா சொல்ச்சு," என்றது பாக்கியம்.

பாய்கள் எல்லாம் வெயிலில். தாழ்வாரம் முழுக்கக் கந்தக நாற்றம்.

மத்தியானம் ஒரு தூறல். மண் வாசனை வருமளவுக்கு. அதுவும் நின்றுவிட்டது.

19-7, வியாழன்

போன ரெண்டு பேரில் ஒருத்தி திரும்பி வந்தாள். அப்பா கொண்டுவந்து விட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "வூட்ல தொந்தரவு டீச்சர், அரிசி இல்ல, அதான்," என்றார். பெட்டியை உள்ளே வைக்கச் சொன்னேன். இன்னொருத்தி வரவில்லை. லூர்து மேரி. நல்லாப் பாடுவாள். அடுத்த வாரம் அவள் ஊருக்கு ஒரு நடை போக வேண்டும்.

சாயங்காலம் கமிட்டி. நடவடிக்கைப் புத்தகத்தில் ஞா. சார் தன் கையாலேயே எழுதினார். குண்டு குண்டாக, ஸ்டேஷன் போர்டு எழுத்து மாதிரி. இந்த வியாதியைக் காரணம் காட்டி எந்தப் பிள்ளையையும் சேர்க்காமல் இருக்கவோ அனுப்பவோ கூடாது. எல்லாப் பிள்ளைகளையும் வருஷத்துக்கு ரெண்டு தடவை டாக்டர் பார்க்க வேண்டும். பிறகு சேர்க்கைப் பாரங்களின் கட்டைக் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றிலும் அந்தத் தொத்து வியாதிக் கேள்வியை ஸ்கேல் வைத்து அடித்தார். அறுபது எழுபது பாரம் இருக்கும். நானும் ஒரு பேனா எடுத்து உதவினேன்.

"நான் சொன்னது தப்புன்னு நெனக்கிறீங்களா டீச்சர்?" என்றார், நிமிராமலே.

"பயம் தப்பு இல்ல சார். எனக்கும்தான் இருந்துது."

"ம்." அடுத்த பாரத்தை எடுத்தார்.

நிம்மதி என்றால் இதுதான் போல. பெரிதாக ஒன்றும் இல்லை. தோள் ரெண்டும் கீழே இறங்கின மாதிரி.

22-7, ஞாயிறு

சரோஜா கணக்குப் பரீட்சையில் நூற்றுக்குப் பதினேழு. கூப்பிட்டு நன்றாகத் திட்டினேன். உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நின்றாள். திட்டிக்கொண்டிருக்கும்போதே உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். ரெண்டு வாரத்துக்குப் பிறகு இன்றுதான் மற்றப் பிள்ளைகளைத் திட்டுகிற மாதிரி இவளையும் திட்டினேன்.

26-7, வியாழன்

காலை ஆறரை மணி. கேட்டுக்கு வெளியே ஒரு பொம்பளை, கையில் ஒரு பெண் பிள்ளை. எட்டு ஒன்பது வயசு இருக்கும். ராத்திரிக் கடைசி பஸ்ஸுக்கு வந்து பஸ் ஸ்டாண்டிலேயே படுத்திருக்கிறார்கள். பிள்ளையின் இடது கன்னத்தில் படை. இதை எந்த ரவிக்கையாலும் மூட முடியாது.

"கன்னியம்மா சொல்ச்சு. இங்க தொரத்த மாட்டாங்களாமே?"

என்ன சொல்வது? லூர்து மேரியின் இடம் தவிர வேறு இடம் இல்லை. சேர்க்கை ஜூனோடு முடிந்தது. போதகர் திருப்போரூர் போயிருக்கிறார். டாக்டர் இன்னும் பார்க்கவில்லை, பார்த்த பிறகு எப்படியோ. உள்ளே உட்காரச் சொல்லி, ஞா. சாருக்கு ஆள் அனுப்பினேன்.

பத்தே நிமிஷத்தில் சைக்கிளில் வந்தார். பிள்ளையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு, மெதுவாகக் குனிந்து, அதன் முகத்துக்கு நேராகத் தன் முகத்தை வைத்துக் கேட்டார்.

"பேர் என்னம்மா?"

அம்மாதான் சொன்னது. "பச்சையம்மா, சார்."

"முதல்ல கஞ்சி குடிக்கட்டும். எட்டு மணிக்கு நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். நீங்க பேரை எழுதிக்குங்க டீச்சர்."

எழுதிக்கொண்டேன்.